நாலு நட்டும் ஒரு தகரமும்

எங்கள் வண்டிக்கு வீட்டில் வைத்த பெயர் நத்தை. 1971 மாடல் ஃபோக்ஸ்வேகன் டைப் 2 வேன், எஞ்சின் பின்பக்கம். உள்ளே மடக்குப் படுக்கை, ஒரு சின்ன அடுப்பு, கூரையைத் தூக்கினால் மேலே ஒரு ஆள் படுக்க இடம். வீட்டை முதுகில் சுமந்துகொண்டு ஊர்வதால் நத்தை. வேகமும் அதற்கேற்றதுதான். மேடு வந்தால் ஓரம் கட்டி, பின்னால் வருபவர்களுக்குக் கைகாட்டி வழிவிடுவது எனக்கு எப்போதோ பழகிவிட்டது.

போன கோடையில் அப்படி ஒரு மேட்டில் மூன்றாவது கியருக்கு இறக்கிய கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்து ஒரு சத்தம். டப்பாவுக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கினால் வருமே, அது. நாலைந்து விநாடி இருக்கும். அதற்குள் இழுவை போய்விட்டது. சாவியைத் திருப்பி அணைத்தேன். மகள் பக்கத்து இருக்கையிலிருந்து திரும்பிப் பார்த்து, "அப்பா, ஏதோ உடைஞ்சிருச்சு" என்றாள். பதினாறு வயது. அவள் சொன்னது அவ்வளவும் சரி.

இழுவை வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்த மறுநாள் பிளக்குகளைக் கழற்றினேன். ஒன்று, இரண்டு, நான்கு மூன்றும் பார்க்கும்படியாக இருந்தன. மூன்றாவது பிளக்கின் முனை சுத்தியலால் அடித்த ஆணி மாதிரி நசுங்கியிருந்தது. அதன் மேல் மினுமினுவென்று அலுமினியத் துணுக்குகள் ஒட்டியிருந்தன. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுந்துகிறது என்று பார்த்தால் மற்ற மூன்றிலும் ஏதோ ஒரு எண் வந்தது, மூன்றில் பூஜ்யம். எக்ஸாஸ்ட் வால்வின் தலை முறிந்து உள்ளே விழுந்து, பிஸ்டனுக்கும், சிலிண்டரை மேலே மூடியிருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் அரைபட்டிருக்கிறது. கூழாங்கல் சத்தம் அதுதான்.

இந்த எஞ்சினைப் பற்றித் தெரிந்தவர்கள் மூன்றாவது சிலிண்டர் என்றதும் தலையாட்டுவார்கள். தண்ணீரோ ரேடியேட்டரோ இல்லாத எஞ்சின் இது. ஒரு பெரிய விசிறி, அதை மூடிய தகரக் கூடு, அதிலிருந்து வரும் காற்று, இவ்வளவுதான் குளிர்ச்சிக்கான ஏற்பாடு. பழைய அமைப்பில் ஆயில் கூலர் விசிறிக் கூட்டுக்குள்ளேயே, மூன்றாவது சிலிண்டருக்குப் போகும் காற்றின் வழியில் நிற்கும். ஆயிலின் சூட்டை வாங்கிக்கொண்ட காற்றுதான் மூன்றாவதற்குக் கிடைக்கும். 1971 மாடலில் கூலரைக் கொஞ்சம் தள்ளி வைத்து, அதற்கெனத் தனிக் கூடு கொடுத்து இதைச் சரிசெய்தார்கள்.

என் வண்டியும் 1971 தானே, அப்புறம் ஏன்? டைனமோ உட்காரும் தாங்கிக்குக் கீழே எஞ்சின் எண் பொறித்திருக்கும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன். எண் அதற்கு முந்தைய வருஷங்களுடையது. எனக்கு முன்னால் வைத்திருந்த யாரோ ஒருவர் கிடைத்த எஞ்சினைத் தூக்கி மாட்டியிருக்கிறார். ஒன்பது வருஷம் ஓட்டியிருக்கிறேன், ஒரு தடவை குனிந்து அந்த எண்ணைப் பார்த்ததில்லை. குற்றம் அவர் பேரில் பாதி, என் பேரில் பாதி.

ஹெட்டை மட்டும் மாற்றி ஒப்பேற்றலாமா என்று ஒரு சபலம் இருந்தது. அதை அடக்க ஒரு சின்ன சோதனை போதும். பெல்ட் ஓடும் புல்லியை இரண்டு கையாலும் பிடித்து உங்கள் பக்கம் இழுங்கள், அப்புறம் உள்ளே தள்ளுங்கள். கிராங்க் ஷாஃப்ட், அதாவது பிஸ்டன்கள் சுற்றிவிடும் எஞ்சினின் நடுத்தண்டு, முன்னும் பின்னும் நகரும் தூரம் 0.07-இலிருந்து 0.15 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதாவது கைக்கு எதுவுமே தெரியக்கூடாது. எனக்கு 'டொக், டொக்' என்று காதிலேயே கேட்டது. பேரிங் உட்காரும் இடமே அடிபட்டு அகன்றுவிட்டது என்று அர்த்தம். புது ஹெட் போட்டாலும் அது கிழிந்த வேட்டிக்குச் சரிகைக் கரை தைத்த கதைதான்.

வேறு வகை எஞ்சின் போடலாமே, சுபாரு எஞ்சின் இதில் அழகாக உட்காருமே என்று நண்பர்கள் சொன்னார்கள். உட்காரும், நல்ல வலுவும் வரும். ஆனால் முன்பக்கம் ரேடியேட்டர், அதிலிருந்து பின்பக்கம் வரை தண்ணீர்க் குழாய், வயரிங் என்று அது தனி உலகம். எனக்கு நத்தை நத்தையாகவே ஓடினால் போதும். புதிதாகக் கோத்த லாங் பிளாக் ஒன்றுக்குச் சொல்லிவைத்தேன். கிராங்க், பிஸ்டன், ஹெட் எல்லாம் பூட்டி வரும். விசிறி, தகரம், கார்புரேட்டர், மேனிஃபோல்ட் எல்லாம் பழையதிலிருந்து கழற்றி நாம்தான் மாட்ட வேண்டும். இவ்வளவு பழைய வண்டிக்கு இதெல்லாம் இன்னும் கிடைக்கக் காரணம், இதே குடும்பத்து எஞ்சின் பீட்டில் காரிலும் ஓடியதுதான். மெக்ஸிகோவில் 2003 வரை பீட்டில் வந்துகொண்டிருந்தது. பிரேசிலில் 2005 வரை இந்த வேனையே காற்றில் குளிரும் எஞ்சினோடு செய்தார்கள்.

இனி இறக்குகிற கதை.

நான் பள்ளியில் இயற்பியல் நடத்துபவன், மெக்கானிக் இல்லை. ஸ்பானர் பிடிக்கத் தெரியும், அவ்வளவே. அதனால் மகளை உதவிக்கு வைத்துக்கொண்டேன். நான் கழற்றும் ஒவ்வொன்றையும் கழற்றுவதற்கு முன் ஒரு படம், கழற்றிய பின் ஒரு படம் எடுத்து, பைக்குள் போட்டு எண் ஒட்டி, தரையில் விரித்த துணியில் வரிசையாக வைப்பது அவள் வேலை. முதல் அரைமணி நேரம், "எனக்கு ஞாபகம் இருக்கும்மா, விடு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் விடவில்லை. நல்லவேளை.

முதலில் பாட்டரி. அதைக் கழற்றாமல் வேறெதையும் தொடக்கூடாது, ஏனென்றால் ஸ்டார்ட்டர் வயரில் எப்போதும் மின்சாரம் நிற்கும். அடுத்தது பெட்ரோல் குழாய். இழுத்ததும் ஒழுகும். குழாயின் வாயில் சரியான தடிமனுள்ள போல்ட்டைச் செருகிக் கிளிப் போட்டேன். பிறகு காயில், டைனமோ, ஆயில் பிரஷர் சுவிட்ச், சோக் ஆகியவற்றுக்குப் போகும் வயர்கள். ஆக்ஸிலரேட்டர் கேபிள் விசிறிக் கூட்டின் ஊடே ஒரு சின்னக் குழாய் வழியாகக் கார்புரேட்டருக்கு வருகிறது. அதன் நுனியைப் பிடித்திருக்கும் குட்டி உருளையும் திருகும் தரையில் விழுந்தால் அன்றைய பொழுது போயிற்று. ஹீட்டர் கேபிள் இரண்டும் துருவோடு துருவாக ஒட்டியிருந்தன. அவற்றுக்கு முந்தின இரவே எண்ணெய் விட்டு வைத்திருந்தேன்.

1971 வரை வந்த வண்டிகளில் எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தகட்டைத் திருகு கழற்றி எடுத்துவிடலாம். எஞ்சினை நேராகப் பின்பக்கம் இழுத்துவிடலாம். அடுத்த வருஷத்திலிருந்து அதை உடலோடு சேர்த்துப் பற்றவைத்துவிட்டார்கள். அந்த வண்டிக்காரர்கள் வண்டியை உயரத் தூக்கி, எஞ்சினைக் கீழே இறக்கித்தான் எடுக்க வேண்டும். எனக்கு அந்த யோகம் இருந்தும், தகட்டின் திருகுகளில் இரண்டு கழுத்தோடு முறிந்தன.

"நாலு நட்டைக் கழற்றினால் எஞ்சின் கையோடு வந்துவிடும்" என்று எல்லோரும் சொல்வார்கள். பொய்யில்லை. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்ப்பது நாலே நாலு 17 மில்லிமீட்டர் நட்டுதான். கீழே உள்ள இரண்டும் சாது. மேலே உள்ளவற்றில் ஒன்று ஸ்டார்ட்டர் மோட்டாரையும் சேர்த்துப் பிடித்திருக்கும். இன்னொன்று விசிறிக் கூட்டுக்குப் பின்னால் இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது. வலது கன்னத்தைக் கார்புரேட்டரில் ஒட்டிக்கொண்டு, இடது கையை முழங்கை வரை உள்ளே விட்டு, விரல் நுனியால் தடவித் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஸ்பானர் ஒரு தடவைக்குக் கடிகார முள் அஞ்சு நிமிஷம் நகரும் அளவுதான் திரும்பியது. அந்த ஒரு நட்டுக்கு ஐம்பது நிமிஷம்.

இந்த வண்டியில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பின்பக்கக் குறுக்குச் சட்டம்தான் எஞ்சினைத் தாங்குகிறது. எஞ்சின் போய்விட்டால் கியர்பாக்ஸ் தலைகுனிந்துவிடும். ஆகவே கியர்பாக்ஸுக்குக் கீழே மரக்கட்டை வைத்து முட்டுக் கொடுத்தேன். எஞ்சினுக்கு அடியில் உருளை ஜாக்கி, அதன் மேல் பலகை. சட்டத்தைக் கழற்றி, நூறு கிலோவுக்கு மேலான அந்த உருப்படியை ஆட்டி ஆட்டிப் பின்னுக்கு இழுத்தோம். கிளட்சுக்குள் கியர்பாக்ஸின் தண்டு நுழைந்திருக்கும். அது முழுதாக வெளியே வரும்வரை எஞ்சின் சாயக்கூடாது, அதன் பாரம் தண்டின் மேல் தொங்கக்கூடாது. "இன்னும் நாலு விரல்... இரண்டு விரல்... வந்துருச்சுப்பா!" என்று மகள் கீழே படுத்துக்கொண்டு கத்தினாள். எஞ்சின் பலகையில் உட்கார்ந்தது. காலை ஒன்பதுக்கு ஆரம்பித்தது, மணி மூன்றரை.

அன்று மாலை விசிறிக் கூட்டைக் கழற்றியபோதுதான் உண்மையான சாவுக் காரணம் தெரிந்தது. ஆயில் கூலரின் துடுப்புகளுக்கு மேல் மெத்தென்று ஒரு எலிக்கூடு. காய்ந்த புல், பஞ்சு, எங்கள் படுக்கை மெத்தையிலிருந்து கடித்தெடுத்த நீலத் துணி. வண்டி குளிர்காலம் முழுக்க நின்றபோது குடிவந்திருக்கிறது. கூலரில் பாதிக்குக் காற்றே போகவில்லை. அதோடு முடியவில்லை. சிலிண்டர்களுக்கு அடியில் காற்றைத் திருப்பிவிடும் தகரம் ஒரு பக்கம் காணோம். தெர்மோஸ்டாட்டும் அது திறந்து மூடும் மடல்களும் காணோம். எஞ்சின் அறையின் ஓரத்தைச் சுற்றி அடைக்கும் ரப்பர் பட்டை பொரித்த அப்பளம் மாதிரி கையோடு நொறுங்கியது.

இந்தத் தகரத்தையும் ரப்பரையும் பலர் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். நானும் நினைத்தவன்தான். எஞ்சின் அறைக்கு மேல்பாதி குளிர்ந்த காற்று, கீழ்பாதி சிலிண்டரைத் தாண்டி வந்த சூடான காற்று. இரண்டையும் பிரிக்கும் சுவர்தான் அந்தத் தகரமும் ரப்பரும். ஒரு விரல் அளவு இடைவெளி இருந்தால்கூட, விசிறி கீழே இருக்கும் வெந்த காற்றையே திரும்ப உறிஞ்சி எஞ்சின் மேல் ஊதும். பானையில் வடித்த கஞ்சியையே திரும்ப உலைக்கு ஊற்றுவது போல. இதைச் சரி பண்ணாமல் புது எஞ்சினை மாட்டியிருந்தால், அடுத்த மேட்டிலோ அதற்கடுத்த மேட்டிலோ பழைய குருடி கதவைத் திறடி என்று அதே கூழாங்கல் சத்தம் கேட்டிருக்கும். எஞ்சினைத் தேடிய நாட்களைவிடக் காணாமல் போன தகரங்களையும் மடல்களையும், கூலருக்குத் தனிக் கூடு உள்ள புது வகை விசிறிக் கூட்டையும் தேடிய நாட்கள்தான் அதிகம். மூன்று வாரம் பிடித்தது.

லாங் பிளாக் வந்ததும், புதிதுதானே என்று அப்படியே நம்பவில்லை. கிராங்கின் நுனியில் மாட்டும் கனமான சக்கரமான ஃப்ளைவீலுக்குப் பின்னால் மூன்று மெல்லிய வளையங்கள் வரும். எப்போதும் மூன்றுதான், கனம்தான் மாறும். அவற்றை மாற்றி மாற்றிப் போட்டு கிராங்கின் அந்த முன்பின் அசைவை 0.10 மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்தேன். அப்புறம்தான் ஆயில் சீல், ஃப்ளைவீல், அதன் நடுவில் 36 மில்லிமீட்டர் நட்டு. இந்த நட்டுக்குச் சுமார் 300 நியூட்டன் மீட்டர் இறுக்கம் வேண்டும். என்னிடம் இருந்த டார்க் ரெஞ்ச் 200 வரைதான். மகளிடம் சொன்னேன். அவள் குளியலறை எடைமெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஏறி நில்லுங்கப்பா."

68 கிலோ.

"68, பெருக்கல் 9.81. 667 நியூட்டன். 300-ஐ அதால வகுத்தா 0.45. நட்டுக்கு நடுவிலிருந்து 45 சென்டிமீட்டரில் நீங்க நின்னா போதும்."

நான் வகுப்பில் வருஷா வருஷம் நடத்துவது. அளந்து குழாயில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டாள். ஃப்ளைவீல் சுற்றாமல் பூட்டுப் போட்டு, குழாயைத் தரைக்குக் கிடையாக வைத்து, அந்தக் கோட்டின் மேல் ஒற்றைக் காலில் மெதுவாக ஏறினேன். குழாய் மில்லிமீட்டர் மில்லிமீட்டராகக் கீழே போய் நின்றது. நானும் சுவரைப் பிடித்துக்கொண்டு அந்தரத்தில் நின்றேன். சுவரை அழுத்தினால் கணக்குத் தப்பும் என்று திட்டு வேறு விழுந்தது.

கிளட்ச் பிளேட் மையத்தில் நிற்க அதற்கான பிளாஸ்டிக் தண்டு ஒன்று போதும். பிரஷர் பிளேட்டில்தான் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டியிருந்தது. கியர்பாக்ஸில் இரண்டு வகை உண்டு, தண்டைச் சுற்றி வழிகாட்டிக் குழாய் உள்ளது, இல்லாதது. என்னுடையது குழாய் உள்ளது. அதற்கு நடுவில் வளையம் இல்லாத பிளேட்தான் பொருந்தும். வந்ததில் வளையம் இருந்தது. கிளிப்பை நெம்பி வளையத்தை எடுத்துவிட்டு மாட்டினேன்.

ஏற்றுவது இறக்குவதைவிடச் சுலபமாக நடந்தது. தண்டில் துளி கிரீஸ், ஜாக்கியை ஒரு பல் ஏற்றி, ஒரு பல் இறக்கி, மகள் புல்லியை லேசாகத் திருப்ப, 'சுக்' என்று உள்ளே போய் உட்கார்ந்தது. நாலு நட்டையும் 30 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கினேன். கண்ணுக்குத் தெரியாத அந்த நட்டு இந்தத் தடவை இருபத்தைந்து நிமிஷம். குறுக்குச் சட்டம், வயர், கேபிள் எல்லாம் மாட்டினோம். கை கழுவிக்கொண்டு வந்தால், மகள் விரித்த துணியையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

"அப்பா, முப்பத்தொன்று?"

துணியில் ஒரே ஒரு பை மிச்சம். எண் 31. பைக்குப் பக்கத்தில் அகலமான ஒரு தகரம். எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில், விசிறிக் கூட்டுக்குப் பின்னால் நிற்கும் முன்பக்கத் தகரம் அது. எஞ்சின் வெளியே இருக்கும்போதே மாட்ட வேண்டியது. உள்ளே போன பிறகு அந்த இடத்துக்குக் கை போகாது.

இரண்டு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. அது இல்லாமல் ஓட்டிவிட முடியாதா என்று என் மூளை ஒரு ஓரத்தில் கணக்குப் போட்டது நிஜம். இதற்கு முன் இதே இடத்தில் நின்ற அந்த முகம் தெரியாத ஆளும் இப்படித்தான் யோசித்திருப்பார் போலிருக்கிறது. சரி என்று மறுபடி ஜாக்கியை உள்ளே தள்ளினேன். இரண்டாம் தடவை இறக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நட்டு எங்கே இருக்கிறது என்று விரலுக்கு மனப்பாடம் ஆகியிருந்தது.

பெட்ரோல் குழாயை முழுக்கப் புதிதாக மாற்றினேன், எல்லா முனையிலும் கிளிப் போட்டேன். இந்த வண்டிகள் எரிந்து போவது பெரும்பாலும் வெடித்த பழைய ரப்பர் குழாயால்தான். எஞ்சின் பிளாக் மெக்னீசியக் கலவை. அது பிடித்துக்கொண்டால் தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசமாகும். தீயணைப்பான் ஒன்று ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் மாட்டியிருக்கிறேன்.

இரண்டரை லிட்டர் ஆயில். வால்வு இடைவெளி எட்டுக்கும் 0.15 மில்லிமீட்டர். காயில் வயரைக் கழற்றி வைத்துவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரை விட்டு விட்டுச் சுற்றவிட்டேன். வயரை மாட்டி, சாவியைத் திருப்பினால் கார்புரேட்டர் வழியாக ஒரு 'தப்!' அவ்வளவுதான். மறுபடி ஒரு 'தப்!' டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து பார்த்தேன். ஒன்றாம் சிலிண்டரின் பிஸ்டனை உச்சிக்கு, அதாவது மேல்நிலைக்குக் கொண்டுவந்து கோத்தது சரிதான், ஆனால் அது கம்ப்ரஷனில் வரும் மேல்நிலை இல்லை, புகையைத் தள்ளிவிட்டு வரும் மேல்நிலை. டிஸ்ட்ரிபியூட்டர் பாதிச் சுற்றுத் தள்ளிப் போயிருக்கிறது. நாலு வயரையும் மூடியில் எதிரெதிராக மாற்றிச் செருகினேன், 1-4-3-2 வரிசை கெடாமல். அடுத்த திருப்பலில் பற்றிக்கொண்டது.

வால்வுகளைத் திறக்கும் புது கேம் ஷாஃப்ட் பழக வேண்டும் என்பதால் முதல் இருபது நிமிஷம் அதைச் சும்மா மெதுவாக ஓடவிடக்கூடாது. 2000 சுற்றில் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். சைலன்சரில் இருந்த எண்ணெய் கருகி வெள்ளைப் புகை மண்டியது. மகள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றாள், நான் உள்ளே மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருபது நிமிஷம் இவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

500 கிலோமீட்டரில் ஆயிலை மாற்றி, சல்லடையைக் கழுவி, வால்வுகளை மறுபடி பார்த்தேன். இரண்டு மட்டும் கொஞ்சம் இறுகியிருந்தன, மூன்றாவது சிலிண்டரில் இடைவெளி மாறவே இல்லை. வண்டியை நிறுத்தும்போதெல்லாம் விசிறியின் வாயில் இப்போது கம்பி வலை ஒன்றை மூடி வைக்கிறேன். போன வாரம் அதே மேட்டுக்குப் போனோம். மூன்றாவது கியர். வழக்கம்போல ஓரம் கட்டி, பின்னால் வந்த லாரிக்குக் கைகாட்டினேன்.